மசோசிக்குக் கல் வைக்கப் போனவள்

கெத்திவே சோண்டிக்கு முப்பத்தொன்பது வயது வரை கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கேட்பதை இம்பாலி குடியிருப்பில் சனங்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். அப்பா விட்டுப்போன மூன்றறை வீட்டில் தனியாக இருந்தாள். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக மேல்தோல் தைக்கிற மெஷினில் உட்கார்ந்து முதுகு லேசாகக் கூன் விழுந்திருந்தது. அக்கம்பக்கத்தில் குலப்பேர் சொல்லி ‘மாசோண்டி’ என்பார்கள். கல்யாணத்துக்குப் பெரிய அண்டா, சாவுக்கு நாற்காலி என்று எது வேண்டுமானாலும் அவள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

தவோங்கா ஜெரே அந்த வீட்டுக்குள் வந்தது ஒரு கிழிந்த சோபாவால். மலாவிக்காரன். டாக்சி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் சோபா, நாற்காலிக்கெல்லாம் மெத்தை போட்டுத் தைத்துக் கொடுப்பான். தோலும் ஊசியும் தெரிந்த இருவர் பேசிக்கொள்ள ஏகப்பட்ட விஷயம் இருந்தது. சோபா வேலை மூன்று வாரம் நீண்டது.

அவளுடைய அத்தை நொமசோன்டோ ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “மூணு வாரமா சோபா தைக்கறான். அதென்ன சோபாவா, ரயில் பெட்டியா?”

தவோங்கா சிரிக்காமல் எழுந்து நின்று, குனிந்து வணக்கம் சொன்னான். ஜெரே என்ற பேரைக் கேட்டதும் அத்தையின் முகம் கொஞ்சம் இளகியது. ஜெரேக்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இந்த மண்ணிலிருந்து வடக்கே போன சனம் என்பது அவளுக்குத் தெரியும். “அப்ப நம்மாளுதான். கொஞ்சம் சுத்து வழியில வந்திருக்கே” என்றாள்.

கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவன் எதையும் மறைக்கவில்லை என்றுதான் கெத்திவே நினைத்தாள்.

“என் பெர்மிட் ஜூன்ல முடியுது மாசோண்டி. உங்களக் கட்டிக்கிட்டா இங்க இருக்கலாம். அதையும் சொல்லிட்டுத்தான் கேக்கறேன்” என்றான். ஊரில் மனைவி இருந்தாள், பேர் மசோசி, பிரசவத்தில் போய்விட்டாள், இரண்டு பெண் குழந்தைகளை அக்கா தெம்வா வளர்க்கிறாள் என்றும் சொன்னான்.

அத்தை அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துபோனாள். மறுநாள் வந்து கேட்டாள். “அவன் உன்னக் கட்டிக்கறானா, உன் அடையாள அட்டையக் கட்டிக்கறானா?”

“ரெண்டையும்தான் அத்தை. அட்டை தனியா நடந்துபோய்க் கல்யாணம் பண்ணிக்காதே.”

“சிரிச்சுக்கோ. அந்த செத்துப்போனவகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?”

அதுதான் அத்தைக்கு முக்கியம். ஒருத்தி புருஷனை எடுத்துக்கொள்வதானால் அவளிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், செத்தவளாக இருந்தாலும். கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை காலையில் வீட்டின் உட்கோடி மூலையில், முன்னோரோடு பேசுகிற இடத்தில், அத்தை பாய் விரித்தாள். இம்பேபோ என்கிற காய்ந்த செடியைக் கொளுத்தினாள். புளித்த சோளப் பானம் ஒரு சட்டியில், ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. “மசோசி, உன் பேரு எங்களுக்குத் தெரியும், உன் முகம் தெரியாது. உன் வீட்டுக்காரனை இந்தப் பொண்ணு கேக்கறா. உன் குழந்தைங்களயும் சேத்துத்தான் கேக்கறா. வந்து பாத்துட்டுப் போ.”

தவோங்காவும் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றான் பிறகு.

கல்யாணமானதும் குடியேற்ற அலுவலகத்தில் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார், தேநீருக்கு எத்தனை சர்க்கரை, முதல் மனைவி என்ன ஆனாள். மசோசியின் இறப்புச் சான்றிதழ் மேசைமேல் இருந்தது. கெத்திவேயிடம் கேட்ட அதிகாரியும் ஒரு பெண்தான். கெத்திவே மசோசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “நாங்க அவகிட்ட கேட்டுட்டுத்தான் கட்டிக்கிட்டோம் அம்மா. அவ பேரை எங்க வீட்டுல சொல்லிட்டிருக்கோம்” என்று கெத்திவே சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கணவன் என்ற முறையில் தங்கும் அனுமதி கிடைத்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம் முடிந்தால் நிரந்தரமாகவே கொடுப்பார்கள்.

அவன் நல்ல புருஷனாக இருந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் வேலைக்குப் போகுமுன் எழுந்து தண்ணீர் காய வைப்பான். அவள் முதுகுக்கென்று மெஷின் நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தான். கம்பெனிப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, “உன் மலாவிக்காரனுக்குத் தம்பி இருக்கானா?” என்று கேட்பார்கள்.

ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை. மசோசி பேரை எடுத்தால் அவன் முகம் மூடிக்கொள்ளும். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டதற்கு ஒருமுறை மாமரத்தடி என்றான். இன்னொருமுறை சர்ச்சுக்குப் பின்னால் என்றான். துக்கத்தில் இருக்கிறவனைக் குடைவது தப்பு என்று அவள் விட்டுவிட்டாள். ஆனால் அத்தை தொடங்கிவைத்ததை அவள் விடவில்லை. மாதத்துக்கு ஒருநாள், அவன் வேலைக்குப் போன பிறகு, அந்த மூலையில் செடியைக் கொளுத்தி மசோசியைக் கூப்பிட்டுப் பேசுவாள். பெரியவளுக்கு ஷூ அனுப்பியிருக்கேன், ஒரு அளவு பெரிசாத்தான் அனுப்பியிருக்கேன், வளர்ற கால்தானே என்பாள். சூப்பர்வைசர் செய்யும் அநியாயத்தைச் சொல்வாள். மனசுவிட்டுப் பேச வேறு ஆள் இல்லாதவளுக்கு அது பழகிப்போயிற்று.

ஊரிலிருந்து தெம்வா அக்கா சில சமயம் போனில் பேசுவாள். இரண்டு வார்த்தை, நலமா, குழந்தைகள் நலம், அவ்வளவுதான். சட்டென்று போனைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுவாள்.

பிறகு கனவு வரத் தொடங்கியது. ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகம் தெரியவில்லை. உள்ளே வா என்றால் வரமாட்டாள். போ என்றாலும் போகமாட்டாள்.

நாற்பத்திரண்டு வயதில் கெத்திவே உண்டானாள். கம்பெனியே கொண்டாடியது. ஐந்தாம் மாதம், மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே, குழந்தை போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தவோங்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஒருநாள் அவன் காதில் விழும்படி அத்தை சொன்னாள்.

“முதல்காரிக்குக் கல் வெச்சாச்சா?”

“எங்க ஊர்ல அதெல்லாம் அவ்வளவா...” என்று இழுத்தான் அவன்.

“அஞ்சாறு வருஷமா ஒருத்திய மண்ணுக்குள்ள பேரில்லாமப் போட்டு வெச்சிருக்கே. அவ பேர எங்க வீட்டுல மாசாமாசம் சொல்றோம். அவ எங்க போவா? வாசல்லதான் நிப்பா.”

டிசம்பரில் மலாவிக்குப் போய்க் கல் வைத்துவிடலாமா என்று கெத்திவே கேட்டாள். ஐந்து வருஷம் முடியட்டும், இப்போது எல்லை தாண்டினால் பேப்பருக்குப் பிரச்சினை வரும் என்றான். அவனுக்குத்தானே பிரச்சினை, எனக்கு என்ன என்று அவள் மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

கோப்பிலிருந்து இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு கல் செதுக்குகிறவனிடம் போனாள். பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. நோட்டுப் புத்தகம் அளவுக்குக் கறுப்புப் பலகை ஒன்றில் பேர், பிறந்த நாள், இறந்த நாள், கீழே ‘அமைதியாக உறங்கு’ என்று செதுக்கச் சொன்னாள். துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். நொங்கோமாவில் சபைக் கூட்டம், பத்து நாளாகும் என்று புருஷனிடம் சொன்னாள். அவள் அவனிடம் சொன்ன முதல் பொய் அது. பொய் சொன்னது அவளை உறுத்தியது. பஸ் ஜிம்பாப்வே தாண்டுகிற வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலு பஸ் மாறி, மூன்று நாள் கழித்து மலாவியில், தவோங்காவின் ஊரான ம்சிம்பா பக்கம் இறங்கினாள். பார்சல்களில் அவளே எழுதி எழுதிப் பழகிய முகவரிதான். ஒரு சைக்கிள்காரன் பின்சீட்டில் உட்காரவைத்துப் புகையிலை வயல்களுக்கு நடுவே கொண்டுபோய் விட்டான்.

தகரக் கூரை போட்ட செங்கல் வீடு. வாசலில் ஒரு பெண் முறத்தில் அவரை விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். கெத்திவே பேரைச் சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது. பிறகு எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து, அந்த ஊர் வழக்கப்படி மண்டியிட்டுக் கொடுத்தாள்.

“நீங்க தெம்வா அக்காதானே?”

“ஆமா” என்றாள் அவள். சூலு பாஷையிலேயே சொன்னாள். சின்ன வயதில் இரண்டு வருஷம் ஜோஹானஸ்பர்க்கில் வீட்டு வேலை பார்த்தவளாம்.

நாற்பதுகூட இருக்காது. தவோங்காவைவிட இளையவள். அக்கா எப்படி இளையவளாக இருப்பாள் என்று கெத்திவேக்குத் தோன்றியது. களைப்பு, அதற்குமேல் யோசிக்க விடவில்லை. அந்தப் பெண் மக்காச்சோளக் களியும் கீரையும் கொடுத்தாள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருப்பதாகச் சொன்னாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் கெத்திவே வந்த காரியத்தைச் சொன்னாள்.

“என்னக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?”

“யாரோட கல்லறைக்கு?”

“மசோசியோட.”

முற்றத்தில் கோழி ஒன்று அவரை விதையைக் கொத்தியது. அந்தப் பெண் அதை விரட்டவில்லை.

“மசோசி எப்பச் செத்தாளாம்?”

“உங்களுக்குத் தெரியாதா? பிரசவத்துலன்னு சொன்னார். அஞ்சாறு வருஷம் ஆச்சே.”

“யாரு சொன்னா?”

“உங்க தம்பிதான்.”

கெத்திவே பையைத் திறந்து துணியைப் பிரித்துக் கறுப்புப் பலகையை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு, செதுக்கிய எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள். பிறந்த தேதியில் விரல் நின்றது.

“இது என் தேதி” என்றாள். “நான்தான் மசோசி.”

மசோசிக்குப் பின்னால் வெயில் இருந்தது. முகம் இருட்டாகத் தெரிந்தது. கெத்திவே உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்து சுவரில் முதுகு முட்டினாள். பகலில், களி மணக்கிற வீட்டில், தண்ணீர் கொடுத்த ஒருத்தியைப் பேய் என்று நினைத்தாள்.

மசோசிதான் முதலில் பேசினாள். “பேப்பருக்காக ஒரு கல்யாணம், வயசான பொம்பள, நீ போன்ல என் அக்கா தெம்வான்னு சொல்லிக்கோன்னான். சரின்னேன். ரெண்டு பொண்ணு படிக்கணுமே. ஆனா சாகச் சொல்லி என்கிட்ட யாரும் கேக்கல.”

கெத்திவே சான்றிதழ் நகலைக் கொடுத்தாள். சாட்சிக் கையெழுத்தைப் பார்த்ததும் மசோசி மூக்கால் சிரித்தாள். “இது என் மச்சினன். நேத்து இங்க வந்து என் கையால பீன்ஸ் சாப்ட்டுட்டுப் போனான்.” பிறகு தானாகவே சொன்னாள். “இப்பத்தான் புரியுது. நாலு வருஷமா எந்த அரசாங்கப் பட்டியல்லயும் என் பேரு இல்ல. அடையாள அட்டைய மாத்தப் போனா, இந்தப் பேர்ல ஆளே இல்லன்னு அனுப்பிட்டான். மூணு தடவ போனேன். மூணாவது தடவ, ‘நீ செத்துட்டேம்மா, வீட்டுக்குப் போ’ன்னு சிரிச்சான். நானும் கேலின்னு நெனச்சுச் சிரிச்சுட்டு வந்தேன்.”

மூலையில் உட்கார்ந்து மாதாமாதம் கூப்பிட்டதைக் கெத்திவே சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். செடி கொளுத்தியது, சோளப் பானம் வைத்தது, வந்துட்டுப் போ என்றது, எல்லாம். மசோசி கையிலிருந்த நகலைக் கீழே வைத்தாள்.

“அப்ப அது நீதானா அக்கா?”

“எது?”

“சில நாள் வயல்ல நிக்கறப்ப யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. திரும்பினா ஆள் இருக்காது. ஆள் தெரியாமக் கூப்பிட்டா ஏன்னு குரல் குடுக்கக்கூடாது, கொண்டுபோயிடும்பாங்க எங்க பக்கம். நான் ஒரு தடவகூட ஏன்னு கேக்கல.”

சாயங்காலம் பெண் பிள்ளைகள் இருவரும் பள்ளியிலிருந்து வந்தார்கள். பெரியவள் காலில் கெத்திவே தைத்த ஷூ இருந்தது. மறுநாள் காலையில் மசோசி அந்தப் பலகையை உரல் பக்கத்தில் வைத்து உலக்கையின் இரும்புப் பூணால் அடித்தாள். நாலைந்து அடியில் பேர் உடைந்தது. துண்டுகளை இருவரும் பொறுக்கி ஆற்றில் போட்டார்கள்.

“அவன என்ன பண்ணப் போறே?” என்று பஸ் ஏற்றிவிடும்போது மசோசி கேட்டாள்.

“நீ என்ன பண்ணணும்கறே?”

“எனக்கு என் பேரு வேணும். அது வந்தா அவன் பணம் அனுப்பறது நின்னுடும், தெரியும். இருந்தாலும் வேணும்.”

வீட்டுக்கு வந்தபோது தவோங்கா காலையில் வாங்கின ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தான். அவள் பையை இறக்காமலே சொன்னாள்.

“நான் உங்க வீட்டுல சாப்ட்டேன். மசோசி கையால.”

கத்தியை அவன் மெதுவாகக் கீழே வைத்தான். தப்பிக்கப் பார்க்கவில்லை. “விவாகரத்துன்னா ரெண்டு வருஷம் ஆகும்னாங்க. எனக்கு மூணு மாசந்தான் இருந்துச்சு. பேப்பர்லதானே மாசோண்டி. பேப்பர்ல செத்தா யாரும் சாகறதில்ல.”

“நான் பேப்பர்ல கூப்பிடலையே. வாயால கூப்ட்டேன். பக்கத்துலயே மண்டி போட்டுக் கேட்டுட்டிருந்தீங்க.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஒவ்வொரு தடவ நீங்க கூப்பிடறப்பவும் அவளுக்கு என்னமாச்சும் ஆயிடுமோன்னு எனக்கு இங்க அடிச்சுக்கும். சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்து அந்தப் புகை வாசன பட்டா, ஒடனே போன் பண்ணுவேன். அவ குரலக் கேட்டதுக்கப்புறந்தான் தண்ணி எறங்கும்.”

“என் குழந்த போச்சே. அப்பவாச்சும் வாயத் தெறந்தீங்களா?”

அவன் வெட்டின ரொட்டித் துண்டுகளை மறுபடி ஒன்றாகச் சேர்த்து வைத்தான்.

“எனக்காக வந்தீங்களா, பேப்பருக்காக வந்தீங்களா?”

“பேப்பருக்காகத்தான் வந்தேன். அப்புறம் என்னன்னு எனக்கே தெரியல.” ரொட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, “அஞ்சு வருஷத்துக்கு இன்னும் எட்டு மாசம். அது வரைக்கும் பொறுங்க. அப்புறம் அவள உயிரோட எழுதிடறேன்” என்றான்.

எட்டு மாசம். அவள் யோசிக்கத்தான் செய்தாள். நாலு நாள் அதே வீட்டில், அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு யோசித்தாள். அவன் போனால் மறுபடி அந்த மூன்று அறையும் அவளும்தான். ஆனால் படுத்தால் ஆற்றில் போட்ட கல்லின் ஞாபகம் வந்தது. ஐந்தாம் நாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அந்தக் குடியேற்ற அலுவலகத்துக்கே போய், சத்தியப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மசோசி என்கிற பெண்ணை இன்ன தேதியில் இன்ன ஊரில் நேரில் பார்த்தேன், அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், அவள் உயிரோடிருக்கிறாள். எழுதிக்கொண்டவர், புருஷன்மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். “அவ இருக்கான்னு சொல்லத்தான் வந்தேன். மத்தது உங்க வேலை” என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது தவோங்கா இல்லை. ஊசிப் பெட்டியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஜோஹானஸ்பர்க் போனதாக டாக்சிக்காரன் சொன்னான். அந்தக் கல்யாணம் செல்லாது என்று எழுதிக் கடிதம் வந்தது. அவனுடைய அனுமதி ரத்தானது. அத்தை கடிதத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு, “உனக்குக் கல்யாணம் ஆகவே இல்லைங்கறாங்க. நாலரை வருஷம் யாருக்குடி துணி துவச்சே?” என்றாள். பிறகு அவளே அழுதாள்.

மசோசிக்கு அந்தப் பத்திரத்தை வைத்துப் பதினான்கு மாதத்தில் பேர் திரும்பக் கிடைத்தது. போனில் அட்டை எண்ணை ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டினாள். பெரிய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும்படி ஆனதையும் அதே மூச்சில் சொன்னாள்.

தவோங்காவிடமிருந்து யாருக்கும் போன் வரவில்லை. அவளுக்கும் இல்லை, மசோசிக்கும் இல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட்ட அவன் தம்பிக்கும் இல்லை. ஒரு வருஷம் போயிற்று. ஜோஹானஸ்பர்க்கில் பேப்பர் இல்லாமல் சாகிறவன் பேர் இல்லாமல்தான் கிடப்பான். அது இரண்டு பேருக்கும் தெரியும். மசோசிதான் ஒருநாள் கேட்டாள். “அக்கா, நீ போய்ப் பாத்துட்டு வர்றியா? நான் அங்க வர முடியாது.”

போனாள். ஜோஹானஸ்பர்க் பிண அறைக் காரியாலயத்தில் ஒரு தடித்த ஆல்பத்தைக் கொடுத்தார்கள். யாரும் கேட்டு வராதவர்களின் முகங்கள், பக்கத்துக்கு நாலு. “உறவு என்னம்மா?” என்றார் அங்கிருந்தவர். மனைவி என்று சொல்ல அவளிடம் பேப்பர் இல்லை. “தெரிஞ்சவரு” என்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிலர் கண் பாதி திறந்திருந்தது. ஒருவனுக்குத் தவோங்காவைப்போலவே நெற்றி. காது வேறு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்போது போகிறாள். ஆல்பம் மாறுகிறது, தடிமன் குறைவதில்லை. போன ஆகஸ்டில் போனது நாலாவது தடவை. அங்கிருந்தவரே நாற்காலியை இழுத்துப் போட்டு, “வந்துட்டீங்களா” என்றார். பார்த்து முடித்து வெளியே வந்து, எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு ம்சிம்பாவுக்குப் போன் போட்டாள்.

“இல்ல மசோசி. இங்க இல்ல.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. “அப்ப இருக்கான்.”

“இருக்கான்னுதான் நெனைக்கறேன்.”

“எல்லாத்தையும் பாத்தியா அக்கா? கடைசிப் பக்கம் வரைக்கும்?”

“பாத்தேன்” என்றாள் கெத்திவே. கடைசிப் பக்கத்தில் முகம் சிதைந்த இருவரைப் பார்க்க முடியாமல் ஆல்பத்தை மூடிவிட்டது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. மசோசி பெரிய பெண்ணுக்கு வரன் வந்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கெத்திவே கேட்டுக்கொண்டே நின்றாள். பேச்சு முடிந்ததும் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாலையைத் தாண்டி மறுபடி உள்ளே போனாள்.